பூங்காவில் போன பந்தயம்

உரும்பிராய் அருளம்பலம் ஒருகாலத்தில் சங்கக் கடைக்கு முந்நூறு ரூபா கடன்காரர். அரிசியும் மாவும் வாங்கிய கடன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், ஒரே வெங்காயப் போகத்தில் அதை அடைத்தார். பிறகு எவரிடமும் கைநீட்டியதில்லை. இன்று சொந்தக் காணி, சொந்தக் கிணறு, முற்றத்தில் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம். அந்தச் செம்மண்ணில் அவரைப்போல வெங்காயம் விளைவித்தவன் எவன் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவரை மனைவி மீனாம்பிகை ஒரு சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பூங்காவுக்கு இழுத்து வந்தார். வாசலிலேயே பந்தயம்.

"உள்ளுக்கை நிக்கிற நேரம் தோட்டக் கதை கதைக்கக் கூடாது. கதைச்சால் எனக்கு ஐயாயிரம். கிழமைக்கு ஒருக்கால் இஞ்சை கூட்டியரவும் வேணும்."

"கதைக்காட்டில்?"

"இனி உங்களைப் பூங்காவுக்கு வாங்கோவெண்டு கேக்கமாட்டன்."

"சரி. அருளம்பலம் எந்தப் பந்தயத்திலை தோத்தவன்?"

ஐஸ்கிரீம் குடித்தார்கள். சிறுபிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று மீனாம்பிகை ஊஞ்சலில் ஏறினார். காவலாளி பார்த்தும் பாராததுபோல நின்றார். அருளம்பலம் பின்னாலிருந்து தள்ளினார்.

"மெல்லமா ஆட்டுங்கோப்பா. மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி இறைக்கிற மாதிரி ஏன் அவதி?"

"இப்ப தோட்டக் கதை கதைக்கிறது ஆர்?"

"பந்தயம் உங்களுக்குத்தான், எனக்கில்லை."

ஊஞ்சலில் இருந்தபடியே கண்ணில் நீர்வரச் சிரித்தார் மீனாம்பிகை. பூங்காவை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். அருளம்பலம் வென்ற மாதிரித்தான்.

அப்போது வேலியோரம் வெட்டிய பூவரசங் குழையை வேலையாட்கள் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் அள்ளிப் போட்டார்கள். வெங்காயம் நடமுன்னம் உரமாக மண்ணுக்குள் இலைகுழை தாழ்க்கிற மனிதருக்கு அது பசும்பொன். பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"தம்பியவை, உதை எங்கை கொண்டுபோறியள்?"

"குப்பைமேட்டிலை கொட்டத்தான் ஐயா."

"விசரே உங்களுக்கு? உதை என்ரை தோட்டத்திலை தாட்டால் வெங்காயம் ஒவ்வொண்டும்..."

சொல்லை விழுங்கித் திரும்பினார். ஊஞ்சல் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. மீனாம்பிகை பக்கத்தில் நின்றார்.

வேலையாள் சிரித்தான். "கந்தோரிலை பெரியவரைக் கேட்டுப்போட்டு உங்கடை காணியிலையே கொட்டிறம் ஐயா."

"பாத்தியே மீனா, பெட்டி நிறையக் குழை. இதை ஆர் தோல்வியெண்டு சொல்லுவான்?"

"ஒருத்தரும் சொல்லவேண்டாம். எண்ணுங்கோ."

அருளம்பலம் விரலை நாக்கில் தொட்டு, ஆயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக, உரத்து எண்ணி, மனைவி விரித்த கையில் வைத்தார்.