"நல்ல சுகம், டொக்டர்"

புலம்பெயர்ந்த தமிழ் வீட்டில் டெனிஷ் மொழி வடிவாகக் கதைக்கிற பிள்ளைக்குத் தேடாமலே கிடைக்கிற உத்தியோகம் மொழிபெயர்ப்பாளர். இதில் ராஜினாமாவுக்கு வழியில்லை. அம்மாவோடு டொக்டரிட்டைப் போய் வந்து களைத்த பிள்ளைகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எனக்குப் பதினேழு வயது. ஒருவர் இரண்டு வசனம் பேசினால் போதும், அவருடைய குரல் என் தொண்டையில் குடியேறிவிடும். கீழே டெனிஷ்காரர் யாழ்ப்பாணத் தமிழில் பேசினால் அதுவும் என் கைவரிசைதான்.

எட்டு மணிக் குரல்

எங்கள் ஊரான டோஸ்ட்ருப்பில், நேரம் பதிய காலை எட்டு மணிக்கு டொக்டரின் போன் திறக்கும். வெளியே மூடுபனி, தூரத்து ரயில் நித்திரையில் பெருமூச்சு விடுகிறமாதிரிப் போகும். போர்வைக்குள் கிடந்தபடியே நான் அம்மாவாகிவிடுவேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அம்மாவுக்குக் காட்டுப்பக்கம் உலாப்போனபோது உண்ணி கடித்தது. பிறகு கைமூட்டு நோகத் தொடங்க, டொக்டர் இரத்தம் பார்த்து, உண்ணியால் வருகிற லைம் நோய் என்று மருந்து கொடுத்தார். மருந்து முடிந்தும் கைமூட்டு நோவு போகவில்லை. இப்படியே போனால் அம்மாவுக்குப் பிடித்த வேலையையே விடவேண்டும். இவ்வளவையும் அம்மாவின் குரலில், இரண்டு இருமலும் சேர்த்துச் சொன்னேன். செக்ரட்டரி நேரம் தந்துவிட்டு மெல்லச் சொன்னா: "அடுத்தமுறை இருமல் தேவையில்லையெண்டு மகளிட்டைச் சொல்லுங்கோ."

வெளிக்கிட்டுப் போன நோயாளி

வேலையிடத்தில் அம்மா டெனிஷில் சண்டையே பிடிப்பா; டொக்டருக்கு முன்னால் வாய் வராது. ஆனால் வெளிக்கிடுவதில் குறையில்லை. பவுடர், பொட்டு, கல்யாணவீட்டுச் சிரிப்பு. காத்திருக்கும் அறையில் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பவர்கள்போல மெதுவாக அசைந்தார்கள். உள்ளே டொக்டர் "எப்படி?" என்றார். "நல்ல சுகம், டொக்டர்" என்றா அம்மா, டெனிஷில். நான் வாய் திறக்கமுன் காலில் அம்மாவின் ஒரு மிதி. டொக்டர் மலர்ந்துபோய், மிச்ச நோவு தானாக அடங்கும் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து, ஏன் பொய் சொன்னீங்கள் என்று கத்தினேன். அம்மா கையைத் தடவிக்கொண்டு சொன்னா: "பாவம், அந்த மனுசன் பாத்துப் பாத்து மருந்து தந்தது. சுகமில்லையெண்டு முகத்துக்கு நேரை சொன்னா மனம் நோகாதே?"

குளியலறை வழக்கறிஞர்

கவனமாகவும் மனச்சாட்சியோடும் வேலை செய்ய டொக்டர்மாரைச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியென்றால், சொன்ன நோய் சொன்னபடி மாறாவிட்டால் திரும்பப் பார்க்கத்தானே வேண்டும்? சுடுதண்ணீர் ஆவிக்குள் நின்று, கண்ணாடியில் என் முகம் கரைய, தடித்த வழக்கறிஞர் குரலில் டொக்டரை விசாரித்தேன். குரல் அவ்வளவு அச்சு அசல். அம்மா கதவை அதிரத் தட்டினா: "ஆரடி உள்ளுக்கை ஆம்பிளை?"

அம்மாவின் விடியல்

அடுத்தமுறை டொக்டரிட்டைப் போனபோதும் அம்மா "நல்ல சுகம், டொக்டர்." நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். என் தொண்டைக்கு வழக்கறிஞர் வரவில்லை, அம்மாதான் வந்தா. விடியக் கட்டிலில் இருந்து எழும்பும்போது வருகிற "முருகா." குழாய் திருகமுடியாமல் விடுகிற மூச்சு. பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாதென்று கூப்பிடுகிற அந்தச் சின்னக் குரல்: "பிள்ளை, இந்தப் பட்டனை ஒருக்காப் போட்டுவிடு."

டொக்டர் அம்மாவின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு என்று கேட்டார். "மத்தியானம் வரைக்கும்" என்றா அம்மா, முதல்முறை உண்மையாக. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றும் சேர்த்தா. அவர் தலையாட்டினார்: "மன்னிப்பு நான் கேக்கவேணும். மருந்து முடிஞ்சும் நோவெண்டால் என்ர முடிவை நானே சந்தேகிக்கவேணும். அது சட்டம், நீங்கள் சுகமெண்டு சொன்னாலும்."

புது இரத்தப் பரிசோதனை, மூட்டு நிபுணர் என்று போய், நோவுக்குக் காரணம் லைம் இல்லை, மூட்டுவாதம் என்று தெரிந்தது. புது மருந்தோடு அம்மா வேலைக்குப் போய் வாறா.

திரும்பப் பார்க்கிற கடமையை டொக்டர்மாருக்கு விதிக்கச் சட்டத்தால் முடிந்திருக்கிறது, நோவை நோவென்று சொல்லும்படி எங்கள் அம்மாமாருக்கு விதிக்கத்தான் எந்தப் பாராளுமன்றத்துக்கும் துணிவு வரவில்லை.