உப்புக்கு வைத்த ஓலை

சித்திரையில் மழை பெய்தால் காஞ்சிபுரம் ஓரிக்கையில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிடும். பிள்ளைகள் ஆசையாக நனைவார்கள். நான் மட்டும் இன்றைக்கும் எதையாவது மூட எழுந்து ஓடுவேன். உப்பளத்தில் கிடந்தவனுக்குக் கோடை மழை அப்படித்தான்.

காஞ்சிபுரத்துக்காரன் உப்பு வாரினேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் தறியும் இல்லை, நிலமும் இல்லை. கல்யாணமான புதிதில் நானும் மேரியும் மரக்காணத்துக்குப் பிழைக்கப் போனோம். பாத்தியில் கடல்தண்ணீர் காய்ந்து பூக்கும் உப்பை, நீண்ட கழி செருகிய பலகையால் வரப்போரம் இழுத்துக் குவிக்க வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. பலகை ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். மேரி வாய்பொத்திச் சிரிப்பாள்.

குவியலைப் பனையோலையால் மூடுவோம். காய்ந்த ஓலை வாசனை வந்தாலே எனக்குத் தேவகியக்கா ஞாபகம்தான். பக்கத்துப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து அக்காவும் அவள் தங்கையும் பாடுபட்டார்கள்.

அன்று மத்தியானம் வானம் திடீரென்று கறுத்தது. இருவரும் ஓலைக்கட்டோடு தங்கள் குவியலை நோக்கி ஓடினார்கள். எங்கள் குவியலை மூடக் குனிந்த மேரி வலி கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிறைமாதம். கொட்டகையோ வெகுதூரம்.

"உப்ப வுட்டுட்டு ஓலைய இங்க எடுத்தாடி!" என்று தேவகியக்கா கத்தினாள்.

"அக்கா, நம்ம உப்பு முழுக்கக் கரைஞ்சிடும்," என்றாள் தங்கை.

"கரையட்டும். இந்தப் பொண்ணு நனையுது பாரு." என் பக்கம் திரும்பி, "இன்னாபா நின்னுக்கினு இருக்கிற? அவ தலையப் புடி," என்றாள்.

தங்கையும் ஓடிவந்த மற்றப் பெண்களும் சுற்றி நின்று ஓலைகளை மேரிக்கு மேலே பிடித்தார்கள். எதிரே அக்காவின் வெள்ளைக் குவியல் சரிந்து சரிந்து தண்ணீரோடு போனது. மழை விடுவதற்குள் என் மகள் பிறந்து அழுதாள். அக்கா அவளை முந்தானையால் துடைத்து மேரியிடம் கொடுத்தாள். அப்புறம்தான் தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

மேரி இப்போது இல்லை. போன மாசியில் மகள் பிடிவாதமாக என்னை அங்கே அழைத்துப் போனாள். நாங்கள் இருந்த பக்கத்தில் மண்ணடித்து மனை போட்டிருக்கிறார்கள். தேவகியக்கா செத்து வெகுநாளாகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

"நான் எந்த எடத்துலப்பா பொறந்தேன்?" என்று மகள் கேட்டாள்.

ஒரு வரப்பாவது இருந்திருந்தால் காட்டியிருப்பேன். நீட்டிய கை எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைந்தது.