அச்சிலிருந்த பெண்ணுக்கு அப்பா அழுதது

கதை படித்தால் மனசு இளகும், மனிதன் மனிதனாவான் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இத்தனை வருஷம் கதைகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற நான்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவைப் பார்த்திருந்தால் நீங்களும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டீர்கள்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் காடு; பயிர் வைக்கிற நிலத்தை அப்படித்தான் சொல்வோம். என் அக்கா இளம்பிள்ளையில் தறி நெய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி. சேதி வந்த அன்றே அப்பா கிணற்றடியில் தலைமுழுகினார். மகள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது.

பிறகு ஒரு கடலைக்காய்ப் பருவத்தில் அக்கா ஆள்மூலம் சொல்லியனுப்பினாள். மாசமாக இருக்கிறாளாம், பயமாக இருக்கிறதாம், தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வரவேண்டுமாம். அப்பா காதில் விழாதவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அம்மா மறுபடி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். நாளாக ஆக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போதெல்லாம் சேலத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகை கைமாறிக் கைமாறி எனக்கு வந்து சேரும். கிணற்றை ஒட்டிய களத்தில் அம்மாவும் மற்றப் பெண்களும் கடலைக்காய் உரிக்கும்போது தொடர்கதையை உரக்கப் படிப்பேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் இறைக்கிற தோல்பையின் கிழிசலைத் தைப்பார். கதையெல்லாம் வேலையற்றவர்களுக்கு என்பார். நான் படிக்கத் தொடங்கினால் மட்டும் ஊசி நின்றுவிடும்.

அந்த வாரம் கதையில், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண் பிள்ளை பெற்ற கையோடு சத்திரத்தில் செத்துப்போனாள். படித்து முடித்து நிமிர்ந்தால் அப்பா இடத்தில் இல்லை. கிணற்றடியில் கட்டிய வேட்டியோடு குடம்குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். இழவுக்குப் போய்வந்தவர் குளிக்கிற குளியல். அழுதிருந்தார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

"ஏனுங்கப்பா, அச்சுல வந்த புள்ளைக்குத் தலைக்கு ஊத்திக்கிறீங்க. உசுரோட இருக்கறவ வயித்துப் புள்ளையோட காத்துக்கிட்டிருக்கறா. அவளுக்கு என்னங்க பதில்?"

அப்பா குடத்தைக் கீழே வைத்தார்.

"கதையில வந்த புள்ளைக்கு நான் அப்பனில்லையே சாமி. அவளுக்கு அழுதா என்னைய ஆரு கேப்பாங்க?"

அந்தப் பதிலோடு இன்றுவரை மல்லுக்கட்டுகிறேன். அழவிடாத ஊரில் ஒளிந்து அழ ஒரு மறைவு, கதை என்பது அவ்வளவுதானா? அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடி இருந்துவிடலாமா? இல்லை, அந்த அழுகையாவது இருந்ததால்தான் அவர் மனிதராக மிஞ்சினாரா? ஒரு நாள் ஒரு விதமாகத் தோன்றுகிறது, மறுநாள் வேறு விதமாக. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடக்கிறேன், உட்கார முடிவதில்லை.

அன்று அம்மா அந்தக் கதையைக் காதில் வாங்கினாளா என்பதே எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதைக் கேட்டாள். மடியில் கிடந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள்.

"நான் போயி எம்புள்ளையக் கூட்டியாறேன். ஆராச்சும் கேட்டா என்னையக் கேக்கச் சொல்லுங்க."

அப்பா போகாதே என்று சொல்லவில்லை. ஈர வேட்டியோடு மாடுகளைப் பிடித்துவந்து வண்டியில் பூட்டியதும் அவர்தான். வண்டியில் மட்டும் ஏறவில்லை.