எறும்புக்குக் கொண்டுபோன அரிசி

அன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூலின் மேல் ஏறி நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முள்கம்பி வேலியும் கேட்டும் தெரியும். பால்வெட்டுக்காரர்கள் இருட்டோடு போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்ததால் பிள்ளைகள் சோதனைக்கு வரிசையாக நின்றார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, ஒரு மணி அரிசியைக்கூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது மலாயாவில் அப்போதைய அவசரகாலச் சட்டம். பெரியவர்களைத்தான் தடவிப் பார்ப்பார்கள். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லி அந்த வாரம்தான் உத்தரவு வந்திருந்தது. ஒன்பது வயதான என் மகளின் பென்சில் பெட்டியைச் சோதனைக்காரம்மா திறந்ததை நான் ஸ்டூலின் மேலிருந்தே பார்த்தேன்.

அந்த அம்மாளும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவள்தான். முதலில் அவள் சிரித்தாள். "என்னாடி இது, பென்சில் பொட்டியில மளிகைக்கடை வச்சிருக்க? அரிசி, சீனி, உப்பு! புளி எங்க?" என்றாள். வரிசையே சிரித்தது. அடுத்த பையனின் சட்டைப் பையிலும் அரிசி இருந்தது. அதற்கடுத்த பெண்ணின் ரிப்பன் முடிச்சிலும் இருந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிட்டிகை. பக்கத்தில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, யார் கொண்டுவரச் சொன்னது என்று மலாயில் கேட்டார். என் மகளுக்குப் பதில் சொல்வதில் எப்போதும் அவசரம். "சித்திதான்" என்றாள்.

சித்தி என்றால் என் மனைவியின் தங்கை. பக்கத்து ஊரான ஜெராமில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தாள். விஞ்ஞானப் பாடத்தைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், இதுங்க இரைப்பை இரைப்பைன்னு பாடுதுங்க. அது எங்க இருக்குன்னு கேட்டா முட்டியைக் காட்டுதுங்க" என்று ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னாள். மறுவாரமே படக்கதை வரையத் தொடங்கிவிட்டாள். தோட்ட மேனேஜரான துரையிடம் அனுமதி வாங்கி, ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினில் அவள் கீறிய ஸ்டென்சில்களை ஓட்டிக் கொடுத்தவன் நான். முதல் புத்தகத்தில் வயிறு ஒரு ரப்பர்த் தோட்டம். பற்கள் வெட்டுக்காரர்கள், குடல் நீளமான லயம். எதையும் ருசி பார்க்காமல் உள்ளே விடாத நாக்குக்குக் கிராணி உத்தியோகம், மூக்குக்கண்ணாடியும் என்னுடையதே. லயம் முழுக்க என்னைப் பார்த்து நாக்கை நீட்டிய பிள்ளைகளை நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அதே பிள்ளைகள் இரைப்பை எங்கே, கல்லீரல் எங்கே என்று தங்கள் வயிற்றிலேயே தொட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது புத்தகம் எறும்பைப் பற்றியது. அட்டையிலேயே ஒரு கட்டெறும்பு, வேலை வாங்கும் மண்டோரைப் போலக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஏய், வரிசையா போ லா!" என்று அதட்டியது. உள்ளே புற்றை நெடுக்கில் வெட்டிக் காட்டும் படம்: தானியக் கிடங்கு, குஞ்சுகளின் அறை, ராணி இருக்கும் இடம், வாசலில் காவல். கடைசிப் பக்கத்தில் ஒரு வேலை. ஒரு சிட்டிகை அரிசி, ஒரு சிட்டிகை சீனி, ஒரு சிட்டிகை உப்பு எடுத்து மரத்தடியில் வையுங்கள், மண்டோர் எதை முதலில் தூக்கச் சொல்கிறார் என்று பார்த்து வந்து சொல்லுங்கள். வேலிக்குள் இருக்கும் ஏதாவதொரு மரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பிள்ளைகளுக்கோ, மரத்தடி என்றால் பள்ளிக்கூடத்து மரத்தடி. அந்தப் புத்தகம் அவ்வளவு நன்றாக இருந்திராவிட்டால் ஒரு பிள்ளையும் அதைச் செய்திருக்காது.

பத்து மணிக்குள் அவளை ஜீப்பில் ஏற்றி கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் தோட்டத்து லோரியில் பின்னால் போனேன், கையில் எறும்புப் புத்தகம். அதைக் காட்டினால் போதும், சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தபோது அவருடைய மீசை கொஞ்சம் அசையவும் செய்தது. புற்றுப் படம் வந்ததும் கை நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் குனிந்து பார்த்துவிட்டு, "காட்டுல இது எந்த இடம்?" என்று கேட்டார்.

"எறும்புப் புத்துங்க" என்றாள் மைத்துனி.

"வாசல்ல ஏன் காவல் நிக்குது?"

"நெசமாவே நிக்கும் சார். நம்பலைன்னா வாங்க, வெளிய போய் அரிசி போட்டுப் பாப்போம். எல்லாரும் பாக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லவே இல்லை. புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போனது. பிள்ளைகளை வைத்து அரிசி கடத்தப் பழக்கிய குற்றத்துக்கு விசாரணை என்றார்கள். நான் தனியாகத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து போய் ஏதாவது ஒரு கதவைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன். மைத்துனியைக் கப்பலேற்றி, அவள் கண்ணாலும் காணாத இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே நாள்களைக் கழித்தாள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது மகள். ஏன் மழை உப்புக் கரிக்கவில்லை, ஏன் பல்லிக்கு வால் வலிக்கவில்லை என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்கு "சித்திதான்" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். எதையும் கேட்பதில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் அசைப்பாள். வீட்டு வாசலைத் தாண்டும்போதுகூட யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். "நீ உண்மையைத்தானேம்மா சொன்னே" என்று நான் சொன்னால், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணையும் தொண்டையையும் பார்த்துவிட்டு டானிக் கொடுத்தார்.

பிறகு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார். ஒவ்வொரு பிள்ளையும் அதே அரிசி, அதே சீனி, அதே உப்பு என்றது. ஒரு பயல் அக்குளில் இல்லாத குடையை இடுக்கிக்கொண்டு மண்டோர் எறும்பைப் போல நடந்தே காட்டினானாம். தோட்டத்துக் கிடங்கில் ஒரு படி அரிசியும் குறையவில்லை என்று துரை எழுதிக் கொடுத்தார். இவற்றில் எது அவளை வெளியே கொண்டுவந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாதது இன்னும் உறுத்துகிறது. எது காப்பாற்றியது என்று தெரிந்தால்தானே அடுத்த முறை அதைப் பிடித்துக்கொள்ள முடியும்.

இப்போது கலும்பாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். இங்கே சோதனை தளர்ந்துவிட்டது. கேட்டில் நிற்பவர் பெரும்பாலும் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் தினமும் காலையில் என் சின்ன மகனின் பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். "அப்பா, உள்ள என்ன தேடுறீங்க, பாம்பா?" என்கிறான். பிள்ளை கேள்வி கேட்டாலும் பயமாக இருக்கிறது, கேட்காவிட்டாலும் பயமாக இருக்கிறது.

மைத்துனி விடுதலையாகிப் பழைய தோட்டத்து வீட்டுக்கு வந்தது ஒரு பிற்பகல். பங்கீட்டு அரிசி ஏற்றிவந்த லோரியின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், சேலை அவளுடையது அல்ல. என் மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். மைத்துனி அக்காளை மெல்ல விலக்கிவிட்டு வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அழைக்கவில்லை. என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை. கதவிடம் பேசுவதைப் போலப் பேசினாள்.

"சித்தி பெரிய தப்புப் பண்ணிட்டேன்டி. எறும்பெல்லாம் ராத்திரியானா தூங்கிடும்னு எழுதி, தலைக்கு ஒரு தலையணை வேற வரைஞ்சேன்ல? சுத்தப் பொய். அங்க லாக்கப்புல என் பாய் ஓரமா ராத்திரி பூரா நடந்துகிட்டே இருக்குதுங்க. எப்பத்தான் தூங்குமோ, எனக்குத் தெரியல. இனிமே நான் எதை எழுதினாலும் நீ கேள்வி கேட்டு, சரின்னு சொன்னப்புறந்தான் அப்பாவோட மெஷினுக்குப் போகும். நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். நீ கேளு."