பிஸ்கட் டின்னில் இருந்த பற்கள்

எண்பதுகளின் நடுவில், கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கின் முன் மேசையில் வேலை பார்த்தேன். பதினைந்து வயதில், பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. கிளேம் பாரம் நிரப்புவது மட்டும் பிடிக்கும். அது என் முகத்தைப் பார்க்காது.

கம்பெனி ஊழியர்களுக்குப் பல் வைத்தியம் பார்த்தால், செலவைக் காப்புறுதி அலுவலகம் கொடுக்கும். அதற்குத்தான் அந்தப் பாரம். அதில் நோயின் பெயரை எழுதக் கூடாது, எண்ணைத்தான் எழுத வேண்டும். எண்கள் அச்சடித்த தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வாயில் ஒரு பல்லும் இல்லை என்றால் நாற்பது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, பல் போன காரணத்துக்கு. விபத்து ஒன்று, ஈறு நோய் இரண்டு, சொத்தை மூன்று, தெரியாது என்றால் ஒன்பது. ஆள் வராத மத்தியானங்களில் அந்தத் தாளைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பேன்.

பண்டமாரானிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலை. இரண்டு கையும் சைகை காட்டும், வாயில் விசில். அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். அவருக்கோ மேல் பல்லும் இல்லை, கீழ்ப் பல்லும் இல்லை. ஊதினால் விசில் நழுவிக் கீழே விழுகிறது.

"மாசக் கடைசிக்குள்ள பல்லு கட்டிக்கிட்டு வந்தா பாப்போம்னு போர்மேன் சொல்லிட்டான், தங்கச்சி. இல்லைன்னா குடோன் கூட்டப் போகணுமாம். இருபது வருசம் ஊதுன வாய் லா இது."

டாக்டர் அவர் வாயைப் பார்த்தார். வழவழவென்று ஈறு மட்டும்தான் இருந்தது. காரணம் என்ன போடுவது என்று கேட்டேன். "பல்லையே நான் பாக்கலையேம்மா. ஒன்பது போடு," என்றார். போட்டேன். ஒரே வாரத்தில் காப்புறுதி அலுவலகத்திலிருந்து பாரம் திரும்பி வந்தது. ஒன்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, காரணம் தெரியாவிட்டால் கட்டுபல்லுக்குப் பணம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

"மூணுன்னு மாத்திடலாமா, டாக்டர்?"

"கண்ணால பாக்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அடுத்த நாள் வந்த அண்ணனிடம் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. பேனாவைப் பார்த்துக்கொண்டே, "பல்லெல்லாம் யார் பிடுங்கினாங்க, அண்ணே?" என்றேன்.

"முன்ன ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொஞ்சம். அப்புறம் இங்க கடைத்தெரு சீனன் ஒருத்தன். அவனும் போய்ச் சேர்ந்துட்டான். ஏன், பல்லு வேணுமா? வீட்ல இருக்கே."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை, துண்டில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார். திறந்தால் உள்ளே பஞ்சுக்கு மேல் பற்கள்.

"சாகும்போது உடம்பு முழுசாப் போகணும்ல. ஒன்னு ஒன்னாப் பிடுங்குனப்ப எடுத்து வச்சுக்கிட்டேன். நெருப்புல வைக்கிறப்ப சேர்த்துப் போடச் சொல்லியிருக்கேன்."

அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு குழி, பென்சில் முனை போகும் அளவுக்கு. எத்தனை இரவு இது இவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் என்று யோசித்தேன். ஒரு வெள்ளைத் தாளை விரித்து எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தேழு வந்தது. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான்.

"அண்ணே, மனுசனுக்கு முப்பத்திரண்டு தான்."

தலையைச் சொறிந்தார். "ஐயோ. சம்சாரத்தோடதும் இதுலதான் கெடக்குது. அவ தனி டின்னு கேட்டா. ஒரே வீட்ல எதுக்குடி ரெண்டு டின்னுன்னு சொல்லிட்டேன்."

உள்ளே இருந்த டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "இப்ப யாரோட பல்லுக்கு நான் கையெழுத்துப் போடுறது?"

"அவ வெத்தலை போடுவா, டாக்டர். நான் தொட்டதே இல்ல."

சிவந்து கறுத்த பற்கள் பதினொன்று. அவற்றைத் தனியே ஒதுக்கினேன். மீதி இருபத்தாறையும் டாக்டர் தாடை வரிசையில் அடுக்கினார். ஒரே இடத்துப் பல் இரண்டு முறை வரவில்லை. எல்லாம் ஒரே வாய்தான். முப்பத்திரண்டுக்குக் குறைந்த ஆறு பற்களைத் தோட்டத்து டிரஸ்ஸர் கால்வாயில் வீசிவிட்டாராம். அதை அண்ணன் இன்னும் மன்னிக்கவில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

இருபத்தாறில் இருபத்திரண்டில் சொத்தைக் குழி இருந்தது, எண் மூன்று. ஆனால் நாலு பற்களில் குழியே இல்லை. ஈறு நோயால் தளர்ந்து விழுந்தவை, எண் இரண்டு என்றார் டாக்டர். பெட்டியில் இடம் ஓர் எண்ணுக்குத்தான். "பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற காப்புறுதி ஆபீசுக்கு நீயே போய்க் கேட்டுட்டு வா. போன்ல அவங்க சரியாப் பேச மாட்டாங்க."

போனில் பேசுவதே எனக்குக் கஷ்டம். அதனால் அன்று சாயங்காலம் ஒரு தாளில் இரண்டு தாடைகளையும் வரைந்து, ஒவ்வொரு பல்லிலும் குழி எங்கே, எவ்வளவு பெரியது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தேன். குழியில்லாத நாலை வெறுமையாக விட்டேன். வாயைத் திறக்காமலே வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் மாடி ஏறினால், கண்ணாடி போட்ட ஓர் ஆன்டி இருந்தார். தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்."

"எதைப் பாத்து?"

வேறு வழியில்லாமல் டின்னைப் பற்றிச் சொன்னேன். வெற்றிலைக் கறை வரைக்கும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது எனக்கே ஆச்சரியம். ஆன்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அந்த அம்மா பல்லுக்கும் சேர்த்துக் கிளேம் போடலையே?"

"இல்ல, ஆன்டி."

"எது அதிகமோ அதுதான் காரணம். மூணு போட்டு, டாக்டர் கையெழுத்தோட அனுப்பு. இந்தப் படத்தையும் பாரத்தோட பின் பண்ணிடு."

டாக்டர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கட்டுபல் வந்தது. அண்ணன் அதை மாட்டி, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கடித்து, இரண்டு கையையும் தூக்கி ஊதினார். முதல் ஊதலில் மேல் பல் கழன்று விசிலோடு மடியில் விழுந்தது. டாக்டர் அரை மணி நேரம் ராவிச் சரிசெய்தார். இரண்டாவது ஊதலுக்கு, எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது டின்னைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, அப்போ இந்தக் கட்டுபல்லையும் கடைசியில நெருப்புல சேர்த்துதான் வைப்பாங்களா?"

புதுப் பல் தெரியச் சிரித்தார். "இது கம்பெனி பல்லு லா, தங்கச்சி. கழட்டி வச்சுட்டுத்தான் போகணும். என்னோடது இதுல இருக்கு."

டின்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.