மெதுவாக நடப்பவர் முன்னால்

அந்த வாரம் லேபில் ஐந்து நாளும் ஆடிட். வெள்ளிக்கிழமை பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பியபோது நின்றபடியே தூங்கிவிடுவேன் போலிருந்தது. மகள் சாண்ட்விச்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் குழுவுக்கு மலையேற்றம். பிள்ளைகளை ஏற்றிப்போக வேண்டிய ஒரு பிள்ளையின் அப்பாவுக்குக் காய்ச்சலாம்.

"நீங்க போங்களேன்" என்றேன் கணவரிடம்.

"எனக்கு நாளைக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு. நீயே டிரைவ் பண்ணிட்டுப் போயேன். அரை நாள்தானே."

அரை நாள் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

மகளுக்குப் பதினாறு வயது. கறுப்பின, எங்களைப் போன்ற பழுப்பு நிறப் பிள்ளைகளைக் காடு மலைக்கு அழைத்துப்போய், அவர்களையே முன்னின்று நடத்தப் பழக்கும் ஒரு குழுவில் ஒரு வருடமாக இருந்தாள். கல்லூரி அப்ளிகேஷனுக்கு உதவும் என்றுதான் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு அவள்தான் தலைவி. டிரென்டனிலும் பிஸ்கட்டவேயிலும் ஆறு பேரை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனோம்.

மலையடிவாரப் பார்க்கிங்கில் இறங்கியதும் ஒரு வெள்ளைக்காரர் நாயுடன் நேராக எங்களிடம் வந்தார். பெர்மிட் இருக்கிறதா, இப்படிக் கூட்டமாக வரக்கூடாதே என்றார். பக்கத்தில் இருபது பேர் சைக்கிளோடு நின்றார்கள். அவர்களை அவர் கேட்கவில்லை.

"ஸாரி" என்று வந்துவிட்டது என் வாயில். இந்த நாட்டுக்கு வந்த இருபது வருடப் பழக்கம்.

தன் காரில் வந்திருந்த குழுவின் பொறுப்பாளர், என் வயதுக் கறுப்பினப் பெண்மணி, மகளையே பார்த்தார். மகள் என்னைத் தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக் உறையிலிருந்த பெர்மிட்டை அந்த ஆளிடம் நீட்டினாள். அவர் முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கும்மா ஸாரி சொன்ன?"

வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், இதைத் தமிழில் கேட்டாள்.

அரை மணி ஏறியதும் முட்டி வலித்தது. பின்தங்கினேன். "நீங்க போங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றேன். மகள் இறங்கி வந்தாள். யாரையும் தனியாக விடக்கூடாது, மெதுவாக நடப்பவர்தான் முதலில் நடக்க வேண்டும், அதுதான் ரூல் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். "முன்னாடி வாம்மா."

எட்டுப் பேர் என் பின்னால் வந்தார்கள். நான் நிற்கும்போதெல்லாம் எட்டு ஜோடி ஷூவும் நின்றன. கூச்சத்தில் வேகமாக நடக்கப் பார்த்து மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண், "ஸ்லோ டவுன், ஆன்டி" என்றாள்.

இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது திட்டம். இரண்டு மணிக்கு உச்சி கண்ணெதிரே தெரிந்தது. இன்னும் இருபது நிமிடம்தான் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். மகள் மாட்டேன் என்றாள். ஒருத்தி கோபத்தில் பையைக் கீழே போட்டாள்.

திரும்புவதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தரையில் உட்கார வேண்டுமாம். அது அவர்கள் வழக்கம். உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்தேன். சில்லென்றிருந்தது. அப்படியே சாய்ந்தவள் தூங்கிப்போனேன். எழுப்பியபோது மகளின் ஜாக்கெட் என்மேல் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில், உச்சிக்குப் போகாததற்குக் காரணத்தைக் குழுவுக்கு எழுதித் தர வேண்டும் என்றாள் மகள்.

"என்னாலதான்னு எழுது."

"நோ. டைம் ஆயிடுச்சுன்னு எழுதுவேன்."

அடுத்த மாதமும் அந்த அப்பாவால் வர முடியவில்லை. நானே ஓட்டிப்போனேன். மலையேறவில்லை, அடிவாரத்தில் வேன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். அவர்கள் உச்சிவரை போய்வந்தார்கள்.