எல்லோருக்கும் ஒரே எண்

கஜலட்சுமி வேலை செய்யும் கந்தோர் கட்டுகஸ்தோட்டையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மின்தராசுகளுக்கு அங்கே சி மொழியில் நிரல் எழுதுகிறார்கள். அவள் டவுனில் வளர்ந்தவள், நகரசபை எழுதுவினைஞரின் மகள். ஆனாலும் தான் எழுதியது மலையில் எப்படி ஓடுகிறது என்று நேரில் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனபோதுதான், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வேலாயி என்ற தொழிலாளி தராசு அச்சடித்த காகிதத் துண்டை நீட்டினாள். திரையில் பதினெட்டு தசம் ஐந்து கிலோ. துண்டில் பதினெட்டு தசம் நாலு.

"மெசினு ரெண்டு பேச்சு பேசுது, புள்ள. நாங்க எதை நம்புறது?"

இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் பழைய கைத்தராசில்தான் நிறுப்போம் என்று சுற்றி நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

காரணம் அவளுக்குத் தெரியும். நிறையை எண்ணாக எழுதித் தர நிரலில் ஒரு சின்ன ஃபங்ஷன் உண்டு. கந்தோரிலோ ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைப்பதில்லை. வேண்டியதைப் பிரதி எடுத்துத் தன் கோப்பில் ஒட்டிக்கொள்வார்கள். திரைக்கு ஒரு பிரதி, துண்டில் வரும் மொத்த நிறைக்கு ஒன்று, கூடை கழித்த நிறைக்கு இன்னொன்று. திரைக்கான பிரதி தசமத்தைக் கிட்டிய எண்ணுக்குக் கொண்டுபோனது. மற்றவை மிச்சத்தை வெட்டி எறிந்தன.

துண்டை மட்டும் திருத்தினால் போதும் என்றார் முதலாளி ஜனார்த்தனன். பிரதிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பொதுக் கோப்பில் ஒன்றே ஒன்றை வைப்போம் என்று அவள் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்பதுதான். துண்டு அச்சடிக்கும் பகுதியை எழுதிய ஷிஹாபுக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, இப்ப பிழை ஆளுக்கொரு வீட்டுல இருக்கு. நீங்க எல்லாத்தையும் ஒரே வீட்டுல குடிவைக்கப் பாக்கிறீங்க."

கந்தோர் வேன் தோட்டத்துக்குப் புறப்படுமுன் ஒழுங்காக ஓடினால் பொதுக் கோப்பு இருக்கட்டும், இல்லையென்றால் இந்தக் கதையை இனி எடுக்கக் கூடாது என்று ஜனார்த்தனன் முடித்துவைத்தார்.

அவள் மாற்றினாள். திரையும் துண்டும் ஒத்துப்போயின. ஆனால் துண்டில் மொத்த நிறையும் கூடை கழித்த நிறையும் அச்சொட்டாக ஒரே எண். ஷிஹாப் துண்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"காத்துல பின்னின கூடையா அக்கா?"

அவளும் சிரித்தாள், காது மட்டும் சுட்டது. கழித்தலைச் சரிபார்த்தாள், பிழையில்லை. பிளேன்டீ ஆறிப்போன பிறகுதான் பிடிபட்டது. அந்த ஃபங்ஷன் நினைவகத்தில் தனக்கென்று வைத்திருக்கும் ஒரே சிலேட்டில் எண்ணை எழுதி, "இங்கே பார்" என்று காட்டும். முன்பு ஒவ்வொரு பிரதிக்கும் தனிச் சிலேட் இருந்தது. இப்போது துண்டின் ஒரே வரி இரண்டு எண்களைக் கேட்க, இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது. குறை பழையதுதான். பிரதிகள் அதை மூடி வைத்திருந்தன.

அதைச் சொன்னதும் ஷிஹாப் பகிடி பண்ணுவதை நிறுத்தினான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப கேக்கிறவன் தன்ட சிலேட்டைக் கொண்டு வரட்டுமே."

அதுதான் வழி. ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும், எழுதுவதற்கான இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவன் கோப்பை அவள் திருத்த, அவள் கோப்பை அவன் திருத்தினான். கந்தோரில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. வேன் புறப்படுமுன் துண்டில் இரண்டு நிறைகளும் சரியாக வந்தன, இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

மடுவத்தில் வேலாயி திரையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பின்னால் நின்றவளிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பிறகு துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். வரிசை தராசை நோக்கி முன்னேறியது.

கஜலட்சுமி ஜனார்த்தனனுக்கு அழைத்துச் சொன்னாள்.

"ஓம், அப்ப அது பொதுக் கோப்புலயே கிடக்கட்டும்" என்றார் அவர்.

வேன் மலை இறங்கும்போது, திகதி எழுதும் ஃபங்ஷனுக்கும் தன் கோப்பில் ஒரு பிரதி கிடக்கிறது என்று ஷிஹாப் தானாகவே சொன்னான். அவள் கோப்பிலும் ஒன்று இருந்தது. எதை வைத்துக்கொள்வது என்று தெல்தெனிய வரைக்கும் இருவரும் வாதாடிக்கொண்டு போனார்கள்.